விமான உரிமையாளர் தன் ஏவியானிக்ஸ் கருவிகளைத் தானே பழுதுபார்க்கலாமா? அமெரிக்க விதிகளின்படி ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பதிவுபெற்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு, என்ஜினைவிட அதிகக் குழப்பத்தைத் தருவது ஏவியானிக்ஸ் எனப்படும் விமான மின்னணுக் கருவிகள், குறிப்பாகக் கருவிப் பலகையிலுள்ள ரேடியோக்கள்தான். எண்ணெய் மாற்றுவதும் டயர் மாற்றுவதும் உரிமையாளரே செய்யக்கூடியவை என்பது விமான நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். ரேடியோ என்று வந்துவிட்டால், எதையும் தொடக்கூடாது என்று ஒருவரும், உன் விமானம்தானே, என்ன வேண்டுமானாலும் செய் என்று இன்னொருவரும் சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரியில்லை. விதி இவ்விரண்டுக்கும் நடுவே மிகத் தெளிவான கோடு ஒன்றைப் போட்டிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வேலைகளை உரிமையாளர் தயங்காமல் செய்யலாம். அந்தப் பக்கம் இருப்பவற்றை, அவர் மின்னணுவியலில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், செய்து கையெழுத்திட முடியாது. இந்த வழிகாட்டி எஃப்ஏஏ என்ற அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளை மட்டுமே பேசுகிறது. ஐரோப்பாவிலோ கனடாவிலோ பதிவான விமானங்களுக்கு விதிகள் வேறு.

முதல் படி: உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். விமானத்தின் உரிமையாளர் என்பதால் மட்டும் ஒருவருக்குப் பழுதுபார்க்கும் உரிமை வந்துவிடுவதில்லை. கூட்டாட்சி விதித் தொகுப்பின் 14ஆம் தலைப்பில் 43ஆம் பகுதி பராமரிப்பைப் பற்றியது. அதில் 43.3 என்ற பிரிவின் 'ஜி' பத்தி, 61ஆம் பகுதியின்கீழ் வழங்கப்பட்ட விமானி சான்றிதழை வைத்திருப்பவர், தான் உரிமையாளராக இருக்கும் அல்லது தானே இயக்கும் விமானத்தில் தடுப்புப் பராமரிப்பு எனப்படும் எளிய வேலைகளைச் செய்யலாம் என்கிறது. எனவே விமானத்தை வாங்கிவிட்டு இன்னும் விமானி சான்றிதழ் பெறாதவருக்கு இந்த உரிமை இல்லை. வேலை முடிந்தபின் விமானம் மீண்டும் பறக்கத் தகுதியானது என்று ஒப்புதல் அளிக்க, 43.7 பிரிவின்படி குறைந்தது பிரைவேட் பைலட் சான்றிதழ் தேவை. இலகு விளையாட்டு விமானங்களுக்கும் அவற்றின் விமானிகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு.

விமானம் எப்படிப் பயன்படுகிறது என்பதும் முக்கியம். 121, 129, 135 ஆகிய பகுதிகளின்கீழ், அதாவது விமான நிறுவனச் சேவையிலோ வாடகைப் பயணச் சேவையிலோ ஓடும் விமானத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது. உங்கள் விமானத்தை வாடகைச் சேவை நடத்தும் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தால், வார இறுதியில் அதை நீங்களே ஓட்டினாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமையோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. விமானத்தை இயக்குவதற்கான பொது விதிகளைக் கொண்ட 91ஆம் பகுதியின் 91.403 பிரிவு, விமானம் பறக்கத் தகுதியான நிலையில் இருப்பதற்கான முதன்மைப் பொறுப்பை உரிமையாளர் அல்லது இயக்குபவர் மீதே வைக்கிறது. வேலையை யார் செய்தாலும், செய்யாமல் விட்டாலும், முதலில் கேள்வி கேட்கப்படுபவர் உரிமையாளர்தான்.

இரண்டாம் படி: உங்கள் வேலை எந்த வகையைச் சேர்ந்தது என்று முடிவு செய்யுங்கள்

தடுப்புப் பராமரிப்பு என்பதற்கு விதியின் தொடக்கத்திலேயே வரையறை இருக்கிறது: எளிய, சிறிய பாதுகாப்பு வேலைகள், மற்றும் சிக்கலான பொருத்தல் தேவைப்படாத சிறு தரமான பாகங்களை மாற்றுதல். இந்த வரையறைக்குள் அடங்கும் வேலைகள் 43ஆம் பகுதியின் பின்னிணைப்பு ஏ-இல், 'சி' பத்தியில் வரிசையாகத் தரப்பட்டிருக்கின்றன. மின்சாரம், மின்னணு சார்ந்தவையாக அதில் இருப்பவை மிகக் குறைவு. தரையிறங்கும் விளக்கின் கம்பிச் சுற்றில் ஏற்படும் அறுப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். அந்த விளக்கின் பல்பையும், இறக்கை முனை விளக்குகளின் பல்பையும் கண்ணாடியையும் மாற்றலாம். பேட்டரியை மாற்றலாம், பராமரிக்கலாம். இவற்றோடு 31ஆவது இனமாக வருவதுதான் ரேடியோ பற்றிய அனுமதி.

அந்த 31ஆவது இனத்தை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டும். கருவிப் பலகையின் முன்பக்கத்தில் பொருத்தப்பட்ட, தன்னளவில் முழுமையான வழிகாட்டல் மற்றும் தொடர்புக் கருவிகளை உரிமையாளர் கழற்றி மாற்றலாம் என்கிறது அது. ஆனால் அந்தக் கருவி டிரேயில் பொருந்தும் வகையாக இருக்க வேண்டும். உள்ளே தள்ளும்போது பின்னாலிருக்கும் கனெக்டர் தானாகவே இணைய வேண்டும். மேசையின் இழுப்பறையை இழுத்து எடுத்து மீண்டும் தள்ளுவது போன்ற அமைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான செயல்முறைக் குறிப்பும் கையில் இருக்க வேண்டும். பயன்படுத்தும் முன், 91ஆம் பகுதியில் இதற்குப் பொருந்தும் பிரிவுகளின்படி செயல்பாட்டுச் சோதனை செய்தாக வேண்டும். ஆட்டோபைலட் போன்ற தானியங்கிப் பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புகள், விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் ரேடாருக்குப் பதிலாக அனுப்பும் டிரான்ஸ்பாண்டர், தூரத்தை அளக்கும் டிஎம்இ ஆகிய மூன்றும் இந்த அனுமதியிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன.

கிங் நிறுவனத்தின் கேஎக்ஸ் 155, கார்மின் நிறுவனத்தின் ஜிஎன்எஸ் 430 ஆகியவை இந்த வரையறைக்குப் பொருந்தும் நல்ல உதாரணங்கள். பலகையின் முன்னால் ஒரு சிறு அறுகோணச் சாவியை நுழைத்துத் திருப்பினால் பூட்டு விலகும், கருவி முன்னோக்கி வரும். அதே அகலத்தில், அதே அடுக்கில், அதே வகைச் சாவியால் திறக்கும் டிரான்ஸ்பாண்டரை மட்டும் நீங்கள் இழுக்கக்கூடாது. கைவேலை ஒன்றுதான், ஆனால் விளைவு ஒன்றல்ல. பேசும் ரேடியோ கெட்டால் அது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். டிரான்ஸ்பாண்டர் தவறான உயரத்தைச் சொன்னால் அது உங்களுக்குத் தெரியாது, கட்டுப்பாட்டாளரின் திரையிலும் அருகே பறக்கும் விமானத்தின் எச்சரிக்கைக் கருவியிலும்தான் அந்தத் தவறு போய் உட்கார்ந்துகொள்ளும். விதி கோடு போட்டிருப்பது வேலையின் கடினத்தைப் பார்த்து அல்ல, தவறினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துத்தான் என்பது என் புரிதல். இதை மனதில் வைத்துக்கொண்டால் பட்டியலின் மற்ற பகுதிகளும் எளிதில் விளங்கும்.

பட்டியலில் இல்லாத வேலை என்றால் அது கட்டாயம் தடைசெய்யப்பட்டதா? 2009இல் எஃப்ஏஏ தலைமைச் சட்ட ஆலோசகர் அலுவலகம் தந்த சட்ட விளக்கம் ஒன்று, பட்டியலிலுள்ளவற்றை எடுத்துக்காட்டுகளாகப் பார்க்கலாம் என்றும், அதேபோல் எளிதான வேறு வேலைகளும் இந்த வகைக்குள் வரலாம் என்றும் சொன்னது. இது உண்மையான தளர்வுதான். ஆனால் விதியே பெயர் சொல்லி விலக்கியிருக்கும் டிரான்ஸ்பாண்டரையோ ஆட்டோபைலட்டையோ இந்த விளக்கத்தைக் காட்டி உள்ளே கொண்டுவர முடியாது. பட்டியலுக்கு வெளியே உள்ள வேலை என்றால், செய்யும் முன் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வதுதான் அறிவுடைமை.

மூன்றாம் படி: எதையும் கழற்றும் முன் பழுது எங்கே என்று கண்டுபிடியுங்கள்

உரிமையாளரின் உழைப்புக்கு மிக அதிகப் பலன் கிடைப்பது இந்தப் படியில்தான். பழுதுபார்க்கும் நிலையத்தில் மணிக்கணக்கில் கட்டணம் ஏறுவது, பெரும்பாலும் பழுது எங்கே என்று தேடுவதற்காகத்தான். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் குறித்துவைப்பதற்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

முதலில் ஹெட்செட்டை மாற்றிப் பாருங்கள். ஹெட்செட் விமானத்தின் பகுதியல்ல. அதன் கம்பி அறுந்திருந்தால் நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்து, துணை விமானியின் இருக்கையிலிருந்து பேசிப் பாருங்கள். அங்கிருந்து தெளிவாகப் போய், உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் போகவில்லை என்றால், ரேடியோ குற்றவாளியல்ல. மைக் செருகும் துளையோ பேசும் பொத்தானோதான் காரணம். பேசும் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டால் ரேடியோ ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும், அந்த அலைவரிசையில் யாருமே பேச முடியாமல் போகும். ரேடியோவின் முகப்பில் ஒலிபரப்பைக் காட்டும் குறி அணையாமல் எரிவதுதான் இதற்கு அடையாளம்.

ஹெட்செட்டில் ஊளையிடும் ஒலி கேட்டு, அது என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால், தரையில் நிறுத்தி ஆல்டர்னேட்டரின் சுவிட்சை மட்டும் சிறிது நேரம் அணைத்துப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் தேட வேண்டிய இடம் ஆல்டர்னேட்டரும் தரையிணைப்பும். ரேடியோவை அனுப்புவது வீண் செலவு. மழையில் மட்டும் வரும் பழுது என்றால் ஆன்டெனாவின் அடிப்பகுதியில் நீர் புகுவதைச் சந்தேகியுங்கள். விமானம் சூடேறி நெடுநேரம் ஆனபின் மட்டும் வரும் பழுது, ரேடியோவின் உள்ளிருப்பதையோ குளிர்க்காற்றுக் குழாய் கழன்றிருப்பதையோ காட்டுகிறது.

ஒரே மாடலில் இரண்டு ரேடியோக்கள் இருந்தால் அவற்றை இடம் மாற்றிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. பழுது ரேடியோவோடு கூடவே போனால் ரேடியோ பழுது. பழைய இடத்திலேயே நின்றால் டிரே, கம்பி, ஆன்டெனா ஆகியவற்றில் ஒன்று. ஆனால் மாற்றும் முன் இரண்டின் பாக எண்ணையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும் ரேடியோக்கள் 14 வோல்ட்டிலும் 28 வோல்ட்டிலும் வருகின்றன. ஒன்றில் கிளைடுஸ்லோப் என்ற, தரையிறங்கும் சரிவைக் காட்டும் சைகையைப் பெறும் வசதி இருக்கும், மற்றதில் இருக்காது. பாக எண் ஒத்துப்போகாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். செய்தால், இதுவும் கழற்றி மாற்றும் வேலையே என்பதால், பதிவும் உண்டு.

கண்டதையெல்லாம் தேதி, அலைவரிசை, வெப்பநிலை, என்ஜின் வேகம் ஆகியவற்றோடு எழுதிவையுங்கள். 'சில சமயம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பப்படும் ரேடியோ, நிலையத்தின் மேசையில் நன்றாகவே வேலை செய்யும். 'பழுது காணப்படவில்லை' என்ற சீட்டோடும் கட்டணத்தோடும் திரும்பி வரும்.

நான்காம் படி: ரேடியோவைக் கழற்றுதல்

ஏவியானிக்ஸ் மாஸ்டர் சுவிட்ச், பேட்டரி மாஸ்டர் சுவிட்ச் இரண்டையும் அணையுங்கள். அந்த ரேடியோவுக்கான சர்க்யூட் பிரேக்கரையும் இழுத்துவிடுங்கள். 43.13 பிரிவு, தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டிலோ எஃப்ஏஏ ஏற்கும் வேறு ஆவணத்திலோ சொல்லப்பட்ட முறையையும் கருவிகளையுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது. உரிமையாளர் செய்யும் சிறு வேலைக்கும் இது பொருந்தும். எனவே அந்த மாடலின் பொருத்தல் கையேட்டில் கழற்றும் பகுதி உங்கள் கையில் இருக்க வேண்டும். நினைவிலிருந்து செய்வது விதிப்படி போதாது.

சாவியை மென்மையாகத் திருப்புங்கள். பூட்டு விலகியதும் ரேடியோ தானே சிறிது முன்னே வரும். வராவிட்டால் குமிழ்களைப் பிடித்து இழுக்காதீர்கள், உடைந்துவிடும். வெளியே எடுத்ததும் டிரேயின் பின்புறக் கனெக்டரை விளக்கடித்துப் பாருங்கள்: வளைந்த ஊசி, பச்சை படிந்த தொடர்பு, தளர்ந்த ஆன்டெனா முனை. பார்ப்பது உங்கள் வேலை. வளைந்த ஊசியை நிமிர்த்துவதும் கனெக்டரைப் பிரித்து மீண்டும் கிரிம்ப் செய்வதும், அதாவது கம்பி முனையை அழுத்திப் பொருத்துவதும், உங்கள் வேலையல்ல. அது எட்டாம் படிக்குரியது.

பாக எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, நிலைமின் ஏறாத பையில் வைத்து, திரும்பி வருவது இதே கருவிதான் என்று உறுதி செய்யும் வகையில் அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: ரேடியோ இல்லாத காலத்தில் பறத்தல்

ரேடியோ பழுதுபார்க்கப் போயிருக்கும் வாரங்களில் விமானத்தை நிறுத்தியே வைக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சக் கருவிப் பட்டியல் இல்லாத சிறு விமானங்களுக்கு 91.213 பிரிவு வழி தருகிறது. அந்தக் கருவி விமானத்தின் வகைச் சான்றிதழிலோ (அந்த மாடலின் வடிவத்துக்கு எஃப்ஏஏ தந்த ஒப்புதல்), தயாரிப்பாளரின் கருவிப் பட்டியலிலோ, நீங்கள் பறக்கப்போகும் முறைக்கு 91.205 கேட்பவற்றிலோ, பறப்புத் தகுதி உத்தரவு எதிலோ கட்டாயமானதாக இருக்கக் கூடாது. எதிலும் கட்டாயமில்லை என்றால், அதைக் கழற்றி, விமானி அறையிலுள்ள கட்டுப்பாட்டின் மீது குறிப்புச் சீட்டு ஒட்டி, 43.9 பிரிவின்படி பதிவு செய்துவிட்டுப் பறக்கலாம். கழற்றாமல் செயலிழக்கச் செய்துவைத்தால் 'இன்ஆபரேட்டிவ்' என்ற சீட்டு வேண்டும். அது இல்லாதது ஆபத்தல்ல என்று விமானி அல்லது மெக்கானிக் ஒருவர் முடிவுசெய்திருக்கவும் வேண்டும். ரேடியோவின் எடை குறைந்திருப்பதால் எடைச் சமநிலைத் தாளும் திருத்தப்பட வேண்டும். சிறிய எண்தான், ஆனால் தாள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆறாம் படி: திருப்பிப் பொருத்திச் சோதித்தல்

பழுதுநீக்கப்பட்ட ரேடியோவோடு கருவி பயன்படுத்தத் தகுதியானது என்று சொல்லும், 8130-3 எண் கொண்ட வெளியீட்டுச் சான்றோ நிலையத்தின் வேலை ஆணைச் சீட்டோ வர வேண்டும். அது இல்லாத ரேடியோவை, எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், பலகைக்குள் தள்ளாதீர்கள். சீட்டிலுள்ள எண்ணும் ரேடியோவின் மீதுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

உள்ளே தள்ளும்போது கனெக்டர் முழுமையாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் பூட்டுத் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் பூட்டும் இயந்திரமே கெட்டுவிடும். பிறகு சோதனை. பேசும் ரேடியோவைத் தரையில், அருகிலிருக்கும் தரைத் தொடர்பு நிலையத்தோடும், பின்னர் காற்றில் தொலைவிலுள்ள தரைத் தொடர்பு நிலையத்தோடும் பேசிப் பாருங்கள். அவசர அலைவரிசையான 121.5 மெகாஹெர்ட்சை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

தரை நிலையத்தின் சைகையைக் கொண்டு திசை காட்டும் விஓஆர் வழிகாட்டல் கருவியை, வெளிக்காட்சியை நம்பாமல் கருவிகளைக் கொண்டே பறக்கும் கருவிவிதிப் பறப்புக்குப் பயன்படுத்துவதானால் 91.171 சோதனை முந்தைய 30 நாட்களுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதை விமானியே செய்யலாம். தரையிலுள்ள சோதனைக் குறியிலோ விஓடி என்ற சோதனைச் சைகையிலோ பார்த்தால் பிழை 4 பாகைக்குள் இருக்க வேண்டும். காற்றில் பார்த்தால் 6 பாகைக்குள். இரண்டு விஓஆர் கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் வேறுபாடு 4 பாகையைத் தாண்டக் கூடாது. தேதி, இடம், பிழையின் அளவு, கையொப்பம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். ரேடியோவைத் திரும்பப் பொருத்திய அன்றே இதைச் செய்வது, முன்னைய சோதனையின் கெடு முடியாமலே இருந்தாலும், நல்ல பழக்கம்.

ஏழாம் படி: பதிவேட்டில் எழுதுதல்

பதிவு இல்லாத வேலை, விதியின் கண்ணில் நிறைவுபெறாத வேலை. 43.9 பிரிவு கேட்பவை: செய்த வேலையின் விவரம், முடித்த தேதி, ஒப்புதல் தருபவரின் கையொப்பம், சான்றிதழ் எண், சான்றிதழின் வகை, வேலையைச் செய்தவர் வேறொருவர் என்றால் அவர் பெயரும். ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்:

'1ஆம் எண் தொடர்பு-வழிகாட்டல் ரேடியோ, மாடல் கேஎக்ஸ் 155, பாக எண் ..., வரிசை எண் ..., பழுதுபார்க்கும் நிலையத்திலிருந்து 8130-3 சான்றோடு பெறப்பட்டு, தயாரிப்பாளரின் பொருத்தல் கையேட்டின்படி அதே டிரேயில் பொருத்தப்பட்டது. பேச்சு, விஓஆர், கிளைடுஸ்லோப் சோதிக்கப்பட்டன, சரியாக உள்ளன. தேதி. கையொப்பம். பிரைவேட் பைலட், சான்றிதழ் எண்.'

விமானத்தின் மொத்தப் பறப்பு மணிநேரத்தை இந்தப் பிரிவு கேட்கவில்லை என்றாலும் எழுதுவது வழக்கம், எழுதுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதுவது 43.12 பிரிவின்படி சான்றிதழையே இழக்கவைக்கக்கூடிய குற்றம்.

எட்டாம் படி: கம்பி, ஆன்டெனா, கனெக்டர் வேலைகளை மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்தல்

மூன்றாம் படியில் பழுது டிரேக்குப் பின்னால் இருப்பது தெரியவந்தால், உரிமையாளரின் சொந்த உரிமை அங்கே முடிகிறது. ஆனால் அவர் கை அங்கே முடிய வேண்டியதில்லை. 43.3 பிரிவின் 'டி' பத்தி, சான்றிதழ் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில் எவரும் அந்த மெக்கானிக் செய்ய உரிமையுள்ள வேலையைச் செய்யலாம் என்கிறது. வேலை சரியாக நடக்கிறது என்று உறுதிசெய்யத் தேவையான அளவுக்கு மெக்கானிக் நேரில் கவனிக்க வேண்டும், ஆலோசனைக்கு அவர் நேரில் கிடைக்கவும் வேண்டும். ஆண்டுச் சோதனை போன்ற கட்டாயச் சோதனைகளுக்கு இந்த வழி கிடையாது.

இந்தப் பத்தி போதிய அளவு பயன்படுத்தப்படாதது வருத்தத்துக்குரியது. கற்றுக்கொள்ள விரும்பும் உரிமையாளரும், கற்பிக்கப் பொறுமையுள்ள மெக்கானிக்கும் சேர்ந்தால், விமானத்தின் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று தெரிந்த ஒருவர் அதை ஓட்டுவார். வேலைக்கு முன்பே எதை யார் செய்வது, எந்தக் கட்டத்தில் நிறுத்திக் காட்டுவது, கட்டணம் எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் கையெழுத்து மட்டும் கேட்பது மேற்பார்வையல்ல. நேர்மையான மெக்கானிக் மறுத்துவிடுவார், மறுக்கவும் வேண்டும்.

செய்முறைக்கு எஃப்ஏஏ வெளியிட்ட 43.13-1பி ஆலோசனைச் சுற்றறிக்கையின் 11ஆம் அத்தியாயம் மின் அமைப்புகளையும், 12ஆம் அத்தியாயம் ஏவியானிக்ஸையும் விளக்குகின்றன. ஆன்டெனா பொருத்துவதற்கு 43.13-2பி இருக்கிறது. கடையில் கிடைக்கும் பிவிசி உறை போட்ட கம்பி விமானத்துக்கு ஆகாது. எரிந்தால் அது தரும் புகை, சிறு விமானத்தின் அறையில் விமானியை நொடிகளில் திணறவைக்கும். விமானத் தரக் கம்பியும், அந்தந்த முனைக்கு உரிய கிரிம்ப் கருவியும் வேண்டும். கம்பி உரசாமல் கட்டப்பட வேண்டும், கட்டுப்பாட்டுக் கம்பிகளிலிருந்து விலகியிருக்க வேண்டும். 1998 செப்டம்பர் 2 அன்று நோவா ஸ்கோஷியா அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்த சுவிஸ்ஏர் 111 விபத்தின் விசாரணை, பொழுதுபோக்கு அமைப்புக்குச் சென்ற கம்பிகளில் ஏற்பட்ட தீப்பொறியையும், எளிதில் தீப்பற்றிய காப்புறைப் பொருளையும் சுட்டிக்காட்டியது. அது பெரிய விமானம், வேலை செய்தவர்களும் உரிமையாளர்கள் அல்ல. ஆனாலும் கூரைக்குப் பின்னால் கண்ணில் படாத கம்பி என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பெட்டியின் உள்ளே என்ன இருந்தாலும் திறக்காதீர்கள்

மின்னணுவியல் படித்த உரிமையாளர்களுக்குக் கசப்பான பகுதி இது. பின்னிணைப்பு ஏ, கருவிகளை அளவுதிருத்துவதையும் பழுதுபார்ப்பதையும், ரேடியோ கருவிகளை அளவுதிருத்துவதையும் பெரும் பழுதுநீக்கம் என்று வகைப்படுத்துகிறது. ரேடியோவின் அலைவரிசை நிலைத்தன்மை, உணர்திறன், இரைச்சல் போன்றவற்றைப் பாதிக்கும் அடிப்படை வடிவ மாற்றம் எதுவும் பெரும் மாற்றம்.

இன்னும் வியப்பானது 65.81 பிரிவு. சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குக்கே 'கருவி' எனப்படுவதைப் பழுதுபார்க்க உரிமை இல்லை. வரையறைப்படி, விமானத்தின் நிலை, உயரம், இயக்கம் ஆகியவற்றை உள் இயந்திரத்தால் காட்டுவதெல்லாம் கருவி. விமானத்தைத் தானாக ஓட்டும் மின்னணுச் சாதனமும் அதில் அடக்கம். எனவே உயரமானியும் செயற்கை அடிவானமும் ஆட்டோபைலட்டும், உரிய தரச்சான்றுள்ள 145ஆம் பகுதிப் பழுதுபார்க்கும் நிலையத்துக்கோ தயாரிப்பாளருக்கோதான் போக வேண்டும். உரிமையாளருக்கு மட்டும் மறுக்கப்பட்டதாக இதைக் கருத வேண்டாம்.

ஒலிபரப்பிகளுக்கு இன்னொரு அதிகாரமும் உண்டு. எஃப்சிசி என்ற கூட்டாட்சித் தொடர்பு ஆணையம், விமான ஒலிபரப்பியின் உள்ளே திருத்தங்கள் செய்ய ஜிஆர்ஓஎல் என்ற பொது ரேடியோத் தொலைபேசி இயக்குநர் உரிமம் வேண்டும் என்கிறது. அதற்கு இரண்டு தேர்வுகள்: முதலாவதில் 24 கேள்விகளில் 18, மின்னணுவியல் தேர்வில் 100இல் 75 சரியாக எழுத வேண்டும். உரிமம் வாழ்நாளுக்கும் செல்லும். ஆர்வமுள்ளவர் எழுதிப் பெறுவது நல்லதே. ஆனால் அது எஃப்ஏஏ தர வேண்டிய உரிமையைத் தராது.

டிரான்ஸ்பாண்டரும் அவசர ஒலிபரப்பியும்

டிரான்ஸ்பாண்டரை 91.413 பிரிவு 24 நாட்காட்டி மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. பொருத்தும்போதோ பராமரிக்கும்போதோ உயரத் தகவலில் பிழை புகுந்திருக்கக்கூடும் என்றால், முழு அமைப்பையும் மீண்டும் சோதிக்க வேண்டும். இதை உரிய தரச்சான்றுள்ள பழுதுபார்க்கும் நிலையம் போன்றவைதான் செய்ய முடியும். உரிமையாளர் செய்யக்கூடிய பயனுள்ள ஒன்று: பறந்து முடித்தபின், விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக அறிவிக்கும் தன் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு எப்படி இருந்தது என்ற அறிக்கையை எஃப்ஏஏயின் இணையதளத்தில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பழுது எங்கே என்பதற்கு அது பல சமயம் முதல் துப்பாக அமையும்.

இஎல்டி என்ற அவசர ஒலிபரப்பியை 12 நாட்காட்டி மாதங்களுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். மொத்தம் 1 மணி நேரத்துக்கு மேல் அது ஒலிபரப்பியிருந்தாலோ, பேட்டரியின் பயன்காலத்தில் பாதி கழிந்தாலோ பேட்டரியை மாற்ற வேண்டும். 121.5 மெகாஹெர்ட்சில் சோதித்துப் பார்ப்பதானால் ஒவ்வொரு மணி நேரத்தின் முதல் 5 நிமிடங்களுக்குள், மூன்று சுழல் ஒலிக்கு மேல் போகாமல் செய்ய வேண்டும். 406 மெகாஹெர்ட்ஸ் வகையை, தயாரிப்பாளர் சொன்ன தற்சோதனை வழியாக மட்டுமே சோதிக்க வேண்டும். இல்லையென்றால் செயற்கைக்கோள் அதை உண்மையான விபத்தாக எடுத்துக்கொள்ளும்.

தரவுத்தளம் வேறு, மென்பொருள் வேறு

ஜிபிஎஸ் கருவியின் வழிகாட்டல் தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 43.3 பிரிவின் 'கே' பத்தி இதைப் பராமரிப்பாகவே கருதுவதில்லை. விமானி அறையிலிருந்தே தொடங்கப்பட்டு, கருவியைப் பிரிக்காமல், தனிக் கருவிகள் எதுவும் இல்லாமல், தயாரிப்பாளரின் குறிப்பின்படி செய்யப்பட்டால் போதும். ஆனால் அதே அட்டைத் துளை வழியாக ஏற்றப்படும் இயக்க மென்பொருள் இந்த விலக்குக்குள் வராது. அது கருவியின் அங்கீகரிக்கப்பட்ட வடிவத்தையே மாற்றுகிறது. சேவை அறிக்கையின்படி உரிமை பெற்றவர் செய்து பதிய வேண்டும். கோப்பு எளிதாகக் கிடைக்கிறது என்பதால் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

வேறு மாடலை மாட்டினால்

கழற்றி மாற்றுவது என்ற அனுமதி, இருந்த கருவியை எடுத்து அதையோ அதே பாக எண் கொண்டதையோ வைப்பதற்குத்தான். ஜிஎன்எஸ் 430 இருந்த டிரேயில் அவிடைன் நிறுவனத்தின் ஐஎஃப்டி 440 நுழையும். ஆனாலும் அது துணை வகைச் சான்றிதழின்கீழ், அதாவது விமானத்தின் வடிவத்தை மாற்ற எஃப்ஏஏ தரும் ஒப்புதலின்கீழ், செய்யப்படும் மாற்றம். பெரும் மாற்றமானால் 337ஆம் எண் படிவம் நிரப்பப்பட்டு, ஒரு படி உரிமையாளருக்கும், ஒரு படி 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்ஏஏ பதிவகத்துக்கும் போக வேண்டும். பழைய விமானம் வாங்கியவர்கள் அந்தப் பதிவகத்திலிருந்து தங்கள் விமானத்தின் கோப்பை வரவழைத்து, பலகையில் இருப்பதும் கோப்பில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சொந்தமாகக் கட்டிய விமானங்கள்

எக்ஸ்பெரிமெண்டல் என்ற சோதனை வகைச் சான்றிதழில் பறக்கும், தானே கட்டிய விமானத்துக்கு 43ஆம் பகுதி பொதுவாகப் பொருந்தாது. அங்கே ரேடியோவைத் திறப்பதோ கம்பி இழுப்பதோ ஆட்டோபைலட்டை மாற்றுவதோ உரிமையாளரின் கையில் இருக்கிறது. அவர் வாங்கிய விமானமாக இருந்தாலும்கூட. ஆண்டு நிலைச் சோதனையை மட்டும், கட்டியவருக்குத் தரப்படும் பழுதுபார்ப்பவர் சான்றிதழ் உள்ளவரோ மெக்கானிக்கோ செய்ய வேண்டும். ஆனால் டிரான்ஸ்பாண்டர் சோதனை, கருவிவிதிப் பறப்புக்கான உயரமானிச் சோதனை, ஏடிஎஸ்-பி செயல்திறன் தேவை, எஃப்சிசி விதி ஆகியவை இந்த விமானங்களையும் கட்டுப்படுத்துகின்றன. முன்பு வேறு வகைப் பறப்புத் தகுதிச் சான்றிதழ் பெற்றிருந்து பிறகு எக்ஸ்பெரிமெண்டல் ஆக்கப்பட்ட விமானத்துக்கு 43ஆம் பகுதி தொடர்ந்து பொருந்தும் என்பதால், வாங்கும் முன் அதன் பழைய சான்றிதழ்களைக் கேட்டுப் பாருங்கள்.